தண்ணீரில் முக்கினால் மெத்தென்று ஆகிற உலோகம் – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஜெட் இன்ஜின் பிளேடு பற்றி நாலு வரி எழுதப்போய், "நிக்கல் சூப்பர் அலாயின் பாதி உயிர் உலையில்தான் இருக்கிறது" என்று ஒரு வாக்கியத்தைப் போட்டுவிட்டேன். சூப்பர் அலாய் என்றால் கடும் சூட்டிலும் பலம் விடாத கலவை உலோகம். அதைப் பிடித்துக்கொண்டு கேள்விகளாக வந்து விழுந்துவிட்டன. ஹீட் ட்ரீட்மென்ட் கடையில், அதாவது உலோகத்தைக் காய்ச்சி ஆறவைத்துப் பதப்படுத்துகிற இடத்தில், பல வருஷம் ஃபர்னஸ் முன்னால் நின்றவன் என்பதால் இந்த மாதம் முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்துவிடுகிறேன். சமையல் வாயு, சோலார் பற்றியெல்லாம் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: ஐயா, உருக்கைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகும் என்று படித்தோம். காலேஜ் லேபில் இன்கோனல் 718 துண்டு ஒன்றை 980 டிகிரிக்குக் காய்ச்சி அப்படியே தண்ணீரில் போட்டோம். ராக்வெல் சி கடினத்தன்மை அளவில் 20கூட வரவில்லை. எங்களுக்கு வந்த துண்டு போலியா?
– பொறியியல் மாணவர், சேலம்

பதில்: போலி இல்லை தம்பி. அது சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் பாதி வேலையைச் செய்துவிட்டு முழுக் கூலி கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

உருக்கு கடினமாவதற்குக் காரணம், சூட்டில் ஒரு மாதிரியும் குளிரில் வேறு மாதிரியும் அணுக்களை அடுக்கிக்கொள்ளும் அதன் குணம். சூட்டிலிருந்து சட்டென்று குளிர்வித்தால் உள்ளே இருக்கும் கார்பன் வெளியே வர நேரமில்லாமல் மாட்டிக்கொண்டு, அடுக்கையே இழுத்துக் கோணலாக்கிவிடும். நம் ஊர்க் கொல்லர் அரிவாளைத் தொட்டியில் முக்கும்போது கேட்கிற அந்தச் 'சொய்ங்' சத்தத்துக்குள் நடப்பது இதுதான். இன்கோனல் 718 நிக்கலை அடிப்படையாகக் கொண்ட கலவை, நிக்கலுக்கு அந்தக் குணமே கிடையாது. அறை வெப்பத்திலிருந்து உருகும்வரை ஒரே அடுக்குதான். அதனால் எவ்வளவு வேகமாகக் குளிர்வித்தாலும் அது கோணாது.

பிறகு எதற்குக் குளிர்விக்கிறோம் என்றால், கற்கண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற தண்ணீரில் ஏகப்பட்ட சர்க்கரை கரையும். அதை மெதுவாக ஆறவிட்டால் நூலில் பெரிய பெரிய கட்டிகளாகப் படியும். 718-இல் சர்க்கரையின் இடத்தில் இருப்பவை நியோபியம், டைட்டானியம், அலுமினியம். மேலே 980 டிகிரிப் பக்கம் வைத்தால் இவற்றில் பெரும்பகுதி நிக்கலுக்குள் கரைந்துவிடும். இதைத்தான் கடையில் 'சொல்யூஷன்' என்பார்கள். வேகமாகக் குளிர்வித்தால் வெளியே படிய நேரம் கிடைக்காமல் எல்லாம் கரைந்தபடியே நின்றுவிடும். நீங்கள் அளந்த 20க்கும் கீழான எண் அந்த நிலைமையுடையது. லேத்தில் வைத்துக் கடைய, வளைக்க, வெல்டிங் செய்ய அதுதான் நல்ல நிலை.

இனிமேல்தான் அசல் வேலை. அதே துண்டை 720 டிகிரியில் 8 மணி நேரம் வையுங்கள். அப்புறம் மணிக்கு 55 டிகிரி வீதம் மெதுவாக 620க்கு இறக்கி, அங்கே மேலும் 8 மணி நேரம். மொத்தம் 18 மணி. இதுதான் 'ஏஜிங்'. கரைந்து கிடந்த நியோபியம் இப்போது மூன்று நிக்கலுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்ந்து, மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவுள்ள தட்டுகளாக உலோகம் முழுக்கப் படியும். புத்தகத்தில் காமா இரட்டைப் பிரைம் என்று போட்டிருப்பார்கள். கூடவே அலுமினியமும் டைட்டானியமும் சேர்ந்த காமா பிரைமும் கொஞ்சம் வரும். இப்போது அளந்து பாருங்கள், 40ஐத் தாண்டினாலும் ஆச்சரியம் இல்லை. விமான வேலைக்கான ஏஎம்எஸ் 5663 தரம் கேட்பது பிரினெல் அளவில் குறைந்தது 331, ராக்வெல் சி கணக்கில் ஏறக்குறைய 36.

துண்டு பார்க்க முன்போலவேதான் இருக்கும். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்கூட அந்தத் தட்டுகள் தெரியாது, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். ஆனால் லேத் ஆபரேட்டரின் காதுக்குத் தெரியும். ஏஜிங் ஆன ஜாபில் (வேலைத் துண்டில்) டூல் இறங்கும்போது வருகிற கீச்சு தனி.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தேர்வில் கேட்பார்கள். வழக்கமாக எந்த உலோகமும் சூடேற ஏறத் தளரும். இந்த காமா பிரைமோ ஏறத்தாழ 700, 800 டிகிரி வரை சூடேற ஏற இறுகும். அதில் அணுக்கள் ஒழுங்கு வரிசையில் நிற்கின்றன. கனசதுரத்தின் மூலைகளில் அலுமினியம், முகங்களின் நடுவில் நிக்கல். உலோகம் வளைய வேண்டுமென்றால் அணு வரிசையில் இருக்கும் பிசகுகள் நகர வேண்டும். ஒற்றைப் பிசகு ஒன்று இதற்குள் போனால் வரிசை கலைந்துவிடும், கலைந்ததைச் சரிசெய்ய இரண்டாவது ஒன்று பின்னாலேயே வர வேண்டும், அதனால் ஜோடி ஜோடியாகத்தான் போக முடியும். சூடு கூடும்போது அந்த ஜோடியின் ஒரு துண்டு பக்கத்துத் தளத்துக்குத் தாவி அங்கே மாட்டிக்கொள்கிறது. தாண்ட முடியாமல் ஜோடியே நின்றுவிடுகிறது. நெரிசல் சந்தில் மாட்டு வண்டியின் ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கிய கதைதான்.

கேள்வி: எங்களிடம் 718 ஏஜிங் வேலை மாதம் ஏழெட்டு லோடு வருகிறது. 18 மணி நேரம் ஃபர்னஸைக் கட்டிப்போட்டால் கரண்ட் பில் தாங்கவில்லை. 760 டிகிரியில் ஒரேயடியாக ஐந்தாறு மணி நேரம் வைத்தால் கடினம் வந்துவிடுகிறது, நானே சோதித்துப் பார்த்தேன். இரண்டு படி எதற்கு?
– சிறுதொழில் உரிமையாளர், ஓசூர்

பதில்: கடினம் வரும், நீங்கள் சொல்வது உண்மைதான். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் நீங்கள் ஜெயித்த மாதிரியும் தெரியும். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் வாங்குவது எண்ணை இல்லை. 650 டிகிரியில் 690 மெகாபாஸ்கல் இழுவையில் குறைந்தது 23 மணி நேரம் அறுபடாமல் நிற்க வேண்டும் என்று முன்னே சொன்ன அதே ஏஎம்எஸ் தரத்தில் இன்னொரு வரி இருக்கிறதே, அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

720 டிகிரியில் தட்டுகள் முளைத்து ஓரளவுக்கு வளர்கின்றன. ஆனால் அந்தச் சூட்டில் நிக்கல் இன்னும் கொஞ்சம் நியோபியத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் போட்டாலும் அந்த மிச்சம் வெளியே வராது, ஏற்கெனவே இருக்கிற தட்டுகள்தான் பருத்துக்கொண்டே போகும். சூட்டை இறக்கினால்தான் மிச்சமும் வெளியே வரும், அதுவும் சின்னச் சின்னதாக. நேரே 620இல் ஆரம்பித்தால் எல்லாம் பொடியாக வருமே என்று கேட்பீர்கள். வரும், ஆனால் அணுக்கள் அங்கே அவ்வளவு மெதுவாக நகர்கின்றன, நீங்கள் காத்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் மேலே வேகமாக விதைத்து, கீழே பொறுமையாக முடிக்கிறார்கள். நடுவில் மணிக்கு 55 டிகிரி இறங்குகிற அந்த இரண்டு மணி நேரமும் வீண் இல்லை, படிவு நடந்துகொண்டேதான் இருக்கிறது. கதவைத் திறந்து ஆறவைத்து நேரம் மிச்சம் பிடிக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். உலையின் சூட்டைப் பதிகிற சார்ட்டில் அந்த இடம் கத்தியால் வெட்டின மாதிரி நேராக விழுந்திருக்கும், ஆடிட்டர் விரலை நேரே அங்கேதான் வைப்பார்.

760இல் வைக்கிற முறை ஒன்றும் தரப்புத்தகத்தில் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் சொல்யூஷன் 1040–1065 டிகிரியில் நடந்திருக்க வேண்டும், 760இல் 10 மணி, பிறகு 650க்கு இறக்கி மொத்தம் 20 மணி. அதாவது உங்களுக்கு இரண்டு மணி நேரம் கூடத்தான் ஆகும்! மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என்று இரண்டையும் கலந்து உங்கள் சொந்தக் கஷாயம் போடாதீர்கள். பார்ட்டி எழுத்தில் கொடுத்தால் மட்டும் மாற்றுங்கள்.

கரண்ட் பில்லைக் குறைக்க வேண்டுமென்றால் உங்கள் லோடைப் பாருங்கள். மாதம் எட்டு லோடு பாதி வயிற்றோடு போவதற்கு நான்கு லோடு முழு வயிற்றோடு போகலாம். ஆனால் நெருக்கி அடுக்கினால் நடுவில் இருக்கும் ஜாப் சூடேற நேரமாகும். கன்ட்ரோலருக்குச் சூட்டை அளந்து சொல்லும் தெர்மோகப்பிள் சுவரோரம் இருக்கிறது, அது 720 காட்டும்போது லோடின் வயிற்றில் 690 இருக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடையில் இப்படித்தான் நாற்பது வளையங்களை அடுக்கி, சுவர்க் கணக்கில் நேரத்தை எண்ணி எடுத்தோம். ஓரத்து வளையங்கள் ராக்வெல் சி அளவில் 41, நடுவில் இருந்தவை 34. எல்லாவற்றையும் மறுபடி சொல்யூஷனில் இருந்து தொடங்க வேண்டி வந்தது, அந்த மாதச் சம்பளம் எனக்குப் பத்து நாள் தள்ளிப்போனது. அன்றிலிருந்து லோடின் நடுவில் ஒரு தெர்மோகப்பிளைக் கட்டாமல் நான் கதவை மூடியதில்லை. நேரத்தை அது 720 காட்டியதும் எண்ண ஆரம்பியுங்கள்.

கேள்வி: ஒரே 718. விமானக் கம்பெனி ஜாபுக்கு 980 டிகிரி சொல்யூஷன் கேட்கிறார்கள், எண்ணெய்க் கிணற்று வால்வுக்கு 1020க்கு மேல் கேட்கிறார்கள். யார் சொல்வது சரி?
– தரக் கட்டுப்பாட்டு ஊழியர், அம்பத்தூர்

பதில்: இரண்டு பேரும் சரி. சண்டையே டெல்டா என்கிற மூன்றாவது ஆள் விஷயத்தில்தான்.

காமா இரட்டைப் பிரைம் நிரந்தரமான ஆள் இல்லை. அதே நிக்கல், அதே நியோபியம், அதே மூன்றுக்கு ஒன்று கணக்கு, ஆனால் வேறு அடுக்கில் டெல்டா என்று ஒன்று உண்டு, அதுதான் நிலையானது. 900 டிகிரியைச் சுற்றி மிக வேகமாக வரும், ஏறத்தாழ 1020க்கு மேலே போனால் கரைந்துவிடும். டெல்டா பலம் தராது, பலம் தர வேண்டிய நியோபியத்தைத் தின்றுவிட்டு ஊசி ஊசியாக உட்கார்ந்திருக்கும். 718ஐ 650 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் ஓட்டக் கூடாது என்பதும் இதனால்தான். உருகத் தொடங்குவது 1260இல், ஆனால் அதன் வாழ்க்கை பாதி தூரத்திலேயே முடிந்துவிடுகிறது.

அப்படியென்றால் விமானக்காரர்கள் ஏன் டெல்டாவை விட்டுவைக்கிறார்கள்? 980இல் சொல்யூஷன் செய்தால் எல்லா டெல்டாவும் கரையாது, உலோகத்தின் மணிகளுடைய (உலோகம் என்பது பல சின்னப் படிகங்கள் ஒட்டிச் சேர்ந்தது, ஒவ்வொன்றும் ஒரு மணி) எல்லைகளில் கொஞ்சம் துணுக்குகளாக நிற்கும். அவை மணிகள் பருத்துவிடாமல் பிடித்து வைக்கும். டர்பைன் டிஸ்க்குக்கு மணிகள் சிறியதாக இருந்தால்தான் திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும். சூட்டில் இழுவைச் சோதனை செய்யும்போது, வெட்டுள்ள இடத்தில் பட்டென்று முறியாமல் காப்பதிலும் அந்தத் துணுக்குகளுக்குப் பங்கு உண்டு. எண்ணெய்க் கிணற்று வால்வுக்கு அந்தச் சூடெல்லாம் கிடையாது. அங்கே பயம் உலோகத்துக்குள் புகுந்து விரிசல் உண்டாக்கும் ஹைட்ரஜன். எல்லையோரம் வரிசைகட்டி நிற்கும் டெல்டா ஹைட்ரஜன் விரிசலுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். அதனால் எண்ணெய்த் துறையின் ஏபிஐ தரம் 1021 முதல் 1052 டிகிரி வரை சொல்யூஷன், பிறகு 774 முதல் 802க்குள் ஒரே படியில் 6 முதல் 8 மணி ஏஜிங் என்று கேட்கிறது. பலம் விமான ஜாபை விடக் குறைவுதான், அதைத் தெரிந்தேதான் விட்டுக்கொடுக்கிறார்கள்.

உங்கள் கடையில் இரண்டு வேலையும் நடந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். ஜாப் கார்டில் '718 சொல்யூஷன் + ஏஜிங்' என்று மட்டும் எழுதி உலைக்கு அனுப்பாதீர்கள், எந்த 718 என்றும் எழுதுங்கள்.

கேள்வி: 300 மில்லிமீட்டர் நீளமுள்ள 718 ஷாஃப்ட். ஏஜிங் முன்னாலேயே மெத்தென்று இருக்கும்போது ஃபினிஷ் சைஸுக்குக் கடைந்து அனுப்பினேன். ஏஜிங் முடிந்து வந்தபோது நீளம் கால் மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. ஹீட் ட்ரீட்மென்ட்காரர் கெடுத்துவிட்டார் என்று நான் சொல்கிறேன், அவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.
– லேத் பட்டறை, கோவை

பதில்: இந்த ஒருமுறை அவர் பக்கம் நிற்கிறேன். 718 ஏஜிங்கில் சுருங்கும். கரைந்திருந்த நியோபியம் தட்டுகளாக வெளியே படியும்போது மிச்ச நிக்கலின் அடுக்கு சற்று இறுகுகிறது. ஆயிரத்தில் 0.8 பங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 300க்கு 0.24 வருகிறது, நீங்கள் சொன்ன கால் மில்லிமீட்டர் இதுதான். அவர் சரியாகச் செய்திருக்கிறார் என்பதற்கு இதுவே சாட்சி, சுருங்காமல் வந்திருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

மெத்தென்று இருக்கும்போது முக்கால் வேலையை முடித்து, அளவு இம்மி பிசகக் கூடாத (நெருக்கமான டாலரன்ஸ் உள்ள) இடங்களில் மெல்லிய தோல் மாதிரி உலோகத்தைக் கடையாமல் விட்டு, ஏஜிங் முடிந்ததும் கிரைண்டிங். டூல் செலவு கூடும், வேறு வழியில்லை. போன ஷாஃப்ட்டை நீட்ட முடியாது. அவரிடம் போய் ஒரு டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: இன்ஜினுக்குள் வாயுவின் சூடு 1500 டிகிரிக்கு மேல், பிளேடு உலோகம் உருகுவது அதற்கும் கீழே என்று எழுதியிருந்தீர்கள். பிளேடு முழுவதும் ஒரே படிகம் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரே படிகமாக வார்த்த பிறகும் அதற்கு ஏன் உலை?
– ஆசிரியை, மதுரை

பதில்: உருகாமல் இருப்பதற்குக் காரணம் பிளேடின் வயிற்றுக்குள் ஓடுகிற குளிர்காற்றும் மேலே பூசியிருக்கும் பீங்கான் போன்ற பூச்சும். ஆனாலும் உலோகம் தானே 1000 டிகிரிக்கு மேல் போகும், அந்த நிலையில் சுழற்சி அதைப் பத்து டன்னுக்கும் அதிகமான விசையோடு வெளியே இழுக்கும். உள்ளங்கையில் அடங்குகிற சாமான் அது.

வார்த்தெடுத்த பிளேடில் படிகம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் சரக்கு சீராகக் கலந்திருக்காது. உருகிய உலோகம் உறையும்போது மரக்கிளை மாதிரிக் கிளைவிட்டு உறைகிறது. ரீனியம், டங்ஸ்டன் மாதிரி கனமான ஆட்கள் கிளையின் நடுவில் தங்கிவிடுவார்கள், அலுமினியமும் டாண்டலமும் கிளைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளுக்குத் தள்ளப்படும். சந்து சீக்கிரம் உருகும், கிளை தாமதமாக உருகும். காமா பிரைம் முழுவதையும் கரைக்க 1300 டிகிரிக்கு மேல் போக வேண்டும், ஆனால் நேரே அங்கே போனால் சந்துகள் உள்ளேயே உருகிவிடும். வெளியில் பிளேடு பளபளவென்று இருக்கும், உள்ளே ஓட்டையாக இருக்கும். ஆரம்ப உருகல் என்பார்கள். இதற்கு வைத்தியமே இல்லை, பிளேடைப் பழைய உலோகக் கணக்கில்தான் போட வேண்டும்.

அதனால் படியேறுகிறார்கள். சிஎம்எஸ்எக்ஸ்-4 என்ற பிரபலமான கலவைக்கு ஆய்வுக் கட்டுரைகளில் வருகிற ஒரு அட்டவணை 1277 டிகிரியில் 4 மணி நேரம் என்று தொடங்கும். அங்கே நிற்கும்போது சந்தில் இருப்பது கொஞ்சம் கிளைக்குள் கசிந்து போய்ச் சேரும், சந்தின் உருகுநிலை சற்று உயரும். உடனே பத்து டிகிரி மேலே. அங்கே கொஞ்ச நேரம், மறுபடி சற்று மேலே. கடைசியில் 1316, 1318, 1321 என்று இரண்டு மூன்று டிகிரிப் படிகள். உருகுநிலை முன்னால் ஓட, உலை அதன் குதிகாலை மிதிக்காமல் பின்னாலேயே துரத்துவது போல. 1321இல் ஐந்தாறு டிகிரி பிசகுகிற ஃபர்னஸை இந்த வேலைக்குப் பக்கத்திலேயே கொண்டுவர முடியாது. பிறகு ஆர்கான் வாயுவை வேகமாக ஊதிக் குளிர்வித்து, 1140 டிகிரியில் 6 மணி, 870இல் 20 மணி. முடிந்ததும் உள்ளே பார்த்தால் ஏறத்தாழ அரை மைக்ரான் அளவில் காமா பிரைம் கனசதுரங்கள், செங்கல் அடுக்கின மாதிரி. நடுவில் மெல்லிய சாந்துபோல நிக்கல். செங்கல் கிட்டத்தட்ட 70 சதவீதம், சாந்து 30 சதவீதம்.

இங்கே ஒரு அழகான விஷயம் உண்டு. பழைய வார்ப்புக் கலவைகளில் மணி எல்லைகளைக் கெட்டிப்படுத்த கார்பன், போரான், சிர்கோனியம் எல்லாம் சேர்ப்பார்கள். அவை உருகுநிலையைக் கீழே இழுத்துவிடும். படிகம் ஒன்றே என்றால் எல்லையே இல்லை, எல்லைக்குக் காவலும் தேவையில்லை. அவற்றை எடுத்துவிட்டால் உலையை இன்னும் மேலே ஏற்றலாம், காமா பிரைமை முழுதாகக் கரைக்கலாம். ஒற்றைப் படிகத்தின் லாபத்தில் ஒரு நல்ல பங்கு இப்படி உலை வழியாகத்தான் வந்தது.

சொல்யூஷனுக்கு முன்னால் அந்த பிளேடைக் கீழே போடக்கூட கூடாது டீச்சர். ஒரு சின்ன அடி, ஒரு அழுத்தமான முத்திரை எண், மணல் ஊதும்போது கொஞ்சம் அதிக அழுத்தம் போதும், 1300 டிகிரியில் அந்த இடத்தில் புதிய மணிகள் முளைத்துவிடும். ஒற்றைப் படிகம் அங்கேயே இரண்டாகிவிடும்.

கேள்வி: பழைய பிளேடுகளைப் புதுப்பிப்பதாகச் சொல்கிறார்களே, ஓடித் தேய்ந்ததை உலையில் வைத்தால் இளமை திரும்புமா?
– டர்பைன் பழுதுபார்ப்பு டெக்னீஷியன், சிங்கப்பூர்

பதில்: உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, வாசகர்களுக்காகக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மின்நிலைய டர்பைன்களில் ஓடுகிற ஐஎன்738 மாதிரியான நிக்கல் கலவை பிளேடுகளுக்கு ஓரளவுக்குத் திரும்பும். ஆயிரக்கணக்கான மணி நேரம் சூட்டில் ஓடியதும் காமா பிரைம் ஒன்றையொன்று தின்று பெருத்து உருண்டையாகிவிடும். 1120 டிகிரியில் 2 மணி வைத்தால் பெருத்ததில் நல்ல பகுதி கரையும், 845இல் 24 மணி வைத்தால் மறுபடி பொடியாகப் படியும். புதிய வார்ப்புக்கும் இதே மருந்துதான். சூட்டிலும் சுமையிலும் உலோகம் மெல்ல மெல்ல நீண்டு உள்ளே உண்டான நுண்ணிய ஓட்டைகளை மூட முதலில் ஹிப்பிங் செய்வார்கள், ஆர்கான் வாயுவால் 1000 மடங்கு காற்றழுத்தத்தில் சூடோடு அமுக்குவது. ஆனால் மேற்பரப்பைத் தொட்டுவிட்ட விரிசலை அது மூடாது, வாயு விரிசலுக்குள்ளும் புகுந்துவிடும், பிறகு எதை எங்கிருந்து அமுக்குவது? பழைய பூச்சைச் சுத்தமாக உரிக்காமல் உலையில் வைத்தால் அதிலுள்ள அலுமினியம் உள்ளே இறங்கி வேறு தொல்லை. ஒற்றைப் படிக பிளேடில் போன பதிலில் சொன்ன புதிய மணி பயம் கூடச் சேரும், ஓட்டத்தில் வாங்கிய அடியெல்லாம் அங்கே கணக்கில் வரும்.

கேள்வி: 718ஐ வெல்ட் செய்யலாம், மற்ற சூப்பர் அலாய்களை வெல்ட் செய்தால் உலையில் விரிசல் விடுகிறது. ஏன்?
– வெல்டர், திருச்சி

பதில்: வேகம்தான். காமா பிரைம் அவசரக்காரன். அலுமினியமும் டைட்டானியமும் அதிகமுள்ள கலவையை வெல்ட் செய்துவிட்டு ஏஜிங்குக்கு ஏற்றினால், வெல்டிங்கில் உண்டான இழுப்பு தளர்வதற்கு முன்பே அது படிந்து உலோகத்தை இறுக்கிவிடும். இழுப்பு போக இடமில்லாமல் வெல்டின் ஓரம் கிழியும். 718இல் வேலை செய்கிற காமா இரட்டைப் பிரைம் சோம்பேறி, வருவதற்குள் இழுப்பு தளர்ந்துவிடும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டனில் இன்கோ கம்பெனியில் ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன் 718ஐ உருவாக்கி 1962இல் காப்புரிமை பெற்றார். அந்தச் சோம்பேறித்தனத்தால்தான் அது இன்றுவரை ராஜாவாக இருக்கிறது. சொல்யூஷன் நிலையில் வெல்ட் செய்யுங்கள், பிறகு முழுச் சொல்யூஷன், பிறகு ஏஜிங். ஏஜிங் ஆன ஜாபில் நேரடியாக வெல்ட் வைத்துவிட்டு, 'ஏதோ நின்றதே' என்று சந்தோஷப்படாதீர்கள்.

கேள்வி: இதெல்லாம் நம் நாட்டில் செய்கிறார்களா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: செய்கிறார்கள். 718ஐ சூப்பர்நி 718 என்ற பெயரில் ஹைதராபாத்தில் இருக்கும் பொதுத்துறை உலோக நிறுவனமான மிதானி தயாரிக்கிறது. அதே ஊரில் இருக்கும் பாதுகாப்புத் துறையின் உலோக ஆய்வகம் ஒற்றைப் படிக பிளேடுகளை உருவாக்கி, ஹெலிகாப்டர் இன்ஜினுக்காக 60 பிளேடுகளை விமானம் தயாரிக்கும் எச்ஏஎல்லுக்குக் கொடுத்ததாக 2021 ஏப்ரலில் அறிவித்தார்கள். கல்பாக்கம் அணு ஆய்வு மையமும், மின்நிலையக் கருவிகள் செய்யும் பெல்லும் (பிஎச்இஎல்), மின்சாரம் தயாரிக்கும் என்டிபிசியும் சேர்ந்து 700 டிகிரிக்கு மேல் நீராவியில் ஓடும் அனல் மின்நிலையத்துக்கான திட்டத்தில் 617 என்ற நிக்கல் கலவைக் குழாய்களை உள்நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். 617க்கு 18 மணி நேர ஏஜிங் எல்லாம் கிடையாது, சொல்யூஷனோடு அனுப்பிவிடலாம். அதன் பலத்தில் பெரும்பங்கு கரைந்தே இருக்கும் கோபால்ட், மாலிப்டினம் கொடுப்பது. கொஞ்சம் காமா பிரைம் ஓடும்போது தானாகவே படியும்.

கேள்வி: ஃபர்னஸில் வைக்கும் முன் ஜாப் மேல் மார்க்கர் பேனாவால் எழுதியதற்கு சூப்பர்வைசர் திட்டிவிட்டார். பேனா மையில் என்ன இருக்கிறது?
– பயிற்சித் தொழிலாளர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: கந்தகம் இருக்கலாம், ஈயம், துத்தநாகம் இருக்கலாம், குளோரின் இருக்கலாம். எந்த மையில் எது என்று நமக்குத் தெரியாது, அதுதான் பிரச்சினை. கந்தகம் நிக்கலோடு சேர்ந்து நிக்கல் சல்பைடு ஆகும், அதுவும் நிக்கலும் சேர்ந்தால் 640 டிகிரிப் பக்கமே உருகிவிடும். உங்கள் ஏஜிங் 720. எழுத்து இருந்த இடத்தில் திரவம் மணி எல்லைகளுக்குள் இறங்கும், ஜாப் வெளியே வரும்போது எழுத்து மறைந்திருக்கும், அதன் கீழே மயிரிழை விரிசல் இருக்கும். கட்டிங் ஆயிலில் கந்தகம் கலந்தது உண்டு, அதுவும் இதே கதைதான். வெறும் கையால் தொட்ட ரேகை சில உலோகங்களில் உலைக்குப் பிறகு அப்படியே தெரியும்.

திட்டியவரைத் தப்பாக நினைக்காதீர்கள். எண் போட வேண்டுமென்றால் ஒரு ஸ்டீல் தகட்டில் எண் குத்தி, ஜாப் மேல் படாமல் ட்ரேயில் கட்டுங்கள். எங்கள் ஃபர்னஸ் கதவருகில் ஒரு அசிட்டோன் பாட்டில், பஞ்சு போகாத வெள்ளைத் துணி, ஒரு பெட்டி கையுறை எப்போதும் இருக்கும். மார்க்கர் பேனா இருந்தால் நான் எடுத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுவிடுவேன். வீட்டில் இப்போதும் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.